ஃப்ளாட்டா, தனி வீடா? முதலில் மண் கணக்கைப் போடுங்கள்

சென்னையில் ஃப்ளாட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்று மகன் போனில் சொன்னதும், ஊரில் இருக்கும் அப்பா கேட்கும் முதல் கேள்வி, "மண்ணு எத்தனை சென்ட் வரும்?" என்பதுதான். மகன் மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், கிழக்குப் பார்த்த வாசல், கீழே ஜிம், நீச்சல் குளம் என்று அடுக்குவான். "அதெல்லாம் சரிப்பா, மண்ணு?" என்பார் அவர் மறுபடியும். மகனுக்கு எரிச்சல் வரும். 'இவருக்கு மெட்ராஸ் நிலவரம் தெரியல' என்று மனைவியிடம் முணுமுணுப்பான்.

நிலவரம் தெரியாதது மகனுக்குத்தான். முதல் வீடு வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகளில் முதல் கேள்வி அதுவேதான்.

'ஃப்ளாட்டா, தனி வீடா' என்ற விவாதம் நம் வீடுகளில் பெரும்பாலும் பட்டிமன்றம் போலத்தான் நடக்கிறது. ஃப்ளாட் அணி பாதுகாப்பைச் சொல்லும், லிஃப்டைச் சொல்லும், பிள்ளைகளுக்கு விளையாட ஆள் இருப்பதைச் சொல்லும். தனி வீட்டு அணி மொட்டை மாடியையும் முருங்கை மரத்தையும் கொண்டுவந்து நிறுத்தும். கடைசியில் நடுவர், அவரவர் வசதியைப் பொறுத்தது என்று மணியடித்து முடிப்பார். அதைக் கேட்டு யாரும் வீடு வாங்க முடியாது. முப்பது முப்பத்தைந்து வயதில், இரண்டு சம்பளத்தை நம்பி இருபது வருடக் கடனில் இறங்கப் போகிறவருக்கு வேண்டியது ஒரு பக்கத் தீர்ப்பு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் பத்திரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

பத்திரத்தின் கடைசிப் பக்கங்கள்

ஃப்ளாட் கிரயப் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். இருபது முப்பது பக்கம் இருக்கும். முன்பக்கங்கள் முழுக்க யார் யாருக்கு எப்போது விற்றார்கள் என்ற வரலாறு. கடைசியில் சொத்து விவரம், ஷெட்யூல் என்ற தலைப்பில் வரும். 'ஏ' ஷெட்யூலில் மொத்த மனையின் சர்வே எண்ணும் நாலு பக்க எல்லைகளும் இருக்கும். 'பி' ஷெட்யூலில், அந்த மனையில் உங்களுக்குச் சேரும் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்று ஒரே ஒரு வரி இருக்கும். 'சி' ஷெட்யூலில் உங்கள் ஃப்ளாட்டின் எண்ணும் பரப்பும். அடுக்கும் பெயரும் பத்திரத்துக்குப் பத்திரம் கொஞ்சம் மாறலாம். ஆனால் அந்த 'பிரிபடாத பாகம்' என்ற வரி கட்டாயம் இருக்கும். சைட் ஆபீஸில் இதை யூ.டி.எஸ். என்பார்கள். ஜிம்மைப் பற்றி அரை மணி நேரம் பேசும் விற்பனைப் பையன், யூ.டி.எஸ். எவ்வளவு என்று கேட்டால் மேனேஜரைப் பார்ப்பான்.

நீங்கள் கொடுக்கும் பணத்தில் காலத்தோடு மதிப்பு ஏறுவது அந்த ஒரு வரி மட்டும்தான். கட்டடம் தேயும். கம்பி துருப்பிடிக்கும், பூச்சு உதிரும், குழாய் மாற்ற வேண்டி வரும். இருபத்தைந்து வருடம் கழித்து விற்கப் போகும்போது வாங்க வருகிறவர் டைல்ஸுக்குக் காசு தர மாட்டார்; மண்ணுக்குத்தான் தருவார்.

எவ்வளவு மண் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அரசின் வரம்பு அது. சென்னையில் சாதாரண அடுக்குமாடிகளுக்கு முன்பு இது 1.5 ஆக இருந்தது, இப்போது 2. உயரமான கட்டடங்களுக்கு 3.25. இதை வைத்து 1,200 சதுர அடி ஃப்ளாட்டுக்கு ஒரு தோராயக் கணக்குப் போடுங்கள். பழைய விதிப்படி கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில் ஒருவருக்கு 800 சதுர அடி மண் சேரும். இன்றைய நாலைந்து மாடிக் கட்டடத்தில் 600. வானுயர்ந்த கோபுரத்தில் 370-ஐ ஒட்டித்தான். அதே பணத்துக்கு ஒரு கிரவுண்டில் பாதியை, அதாவது 1,200 சதுர அடி மனையை, செங்கல்பட்டுப் பக்கம் வாங்கினால் மொத்தமும் உங்களுடையது. அப்பா கேட்ட சென்ட் கணக்கில் சொன்னால், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பதினெட்டாவது மாடி ஃப்ளாட்டில் உங்களுக்கு ஒரு சென்ட் மண்கூட முழுதாக இல்லை.

இதனால் ஃப்ளாட் ஏமாற்று வேலை என்று ஆகிவிடாது. தி.நகரில் 600 சதுர அடி மண்ணும் சிங்கபெருமாள் கோவிலில் 1,200 சதுர அடி மண்ணும் ஒன்றாகிவிடுமா? பரப்பை இடத்தின் விலையால் பெருக்கிப் பார்க்க வேண்டும். மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு பக்கம் முப்பது வருடப் பழைய, சுவரில் ஆலங்கன்று முளைத்த ஃப்ளாட்டுகளின் கதவை பில்டர்கள் வந்து தட்டுவது ஏன்? அன்றைக்கு 1.5 கணக்கில் கட்டியதை இடித்தால் இன்றைக்கு அதைவிட அதிகம் கட்டலாம். அந்தக் கூடுதல் பரப்பில் பில்டருக்குப் பங்கு, பழைய உரிமையாளருக்குப் புது ஃப்ளாட். முன்பெல்லாம் எட்டுப் பேரில் ஒருவர் முரண்டு பிடித்தாலும் காரியம் நின்றுவிடும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, கடந்த 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே மறுகட்டுமானத்துக்கு வழி உண்டு. ஃப்ளாட்டுக்கு எதிர்காலமே இல்லை என்று சொல்லும் மாமாக்களுக்கு இது இன்னும் தெரியாது.

கோபுரம் போல எழும்பும் பெரிய அடுக்ககங்களுக்கு இந்த வழி எவ்வளவு தூரம் திறக்கும்? ஏற்கெனவே 3.25 மடங்கும் கட்டித் தீர்த்த மனையில் நாளைக்கு இடித்துக் கட்ட வருகிற பில்டருக்கு என்ன மிஞ்சும்? நாற்பது வருடம் கழித்து ஐந்நூறு குடும்பங்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் அது.

பேங்க் தராத பணம்

ஒரு கணக்குக்கு வீட்டின் விலை 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடன்களுக்கு, சொத்தின் மதிப்பில் 80 சதவீதம்தான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக 48 லட்சம் கடன், 12 லட்சம் கையிலிருந்து. பத்திரச் செலவு இந்தக் கணக்கில் சேராது, அதுவும் கையிலிருந்துதான். நகையை அடகு வைப்பதும் பி.எஃப். பணத்தை உருவுவதும் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

கட்டிக்கொண்டிருக்கும் ஃப்ளாட் என்றால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி., மூன்று லட்சம். முதல் விற்பனையில் மண்ணையும் கட்டடத்தையும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் பதியும் முறை 2023 டிசம்பரில் வந்துவிட்டது. 50 லட்சத்துக்கு மேல் மூன்று கோடி வரை 5 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். ஏறத்தாழ நாலே கால் லட்சம். இரண்டும் சேர்த்து ஏழு லட்சத்துக்கு மேல் அரசுக்கே போகிறது. பழைய ஃப்ளாட்டை மறுவிற்பனையில் வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை, பதிவுச் செலவு 9 சதவீதம். பணி முடிப்புச் சான்று பெற்ற பிறகு விற்கும் புது ஃப்ளாட்டுக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. 35 லட்சத்துக்கு மனை வாங்கி 25 லட்சத்தில் வீடு கட்டுகிறவர், மனைக்கு மட்டும் 9 சதவீதம், மூன்றேகால் லட்சத்துக்குள் கட்டிவிட்டு வெளியே வந்துவிடுவார். சிமென்ட், கம்பிக்கு அவர் கட்டும் ஜி.எஸ்.டி. பில்லுக்குள் ஒளிந்திருப்பதால் வலி தெரியாது.

இதைப் பார்த்ததும் தனி வீடுதான் லாபம் என்று தோன்றும். அங்கேதான் சறுக்கல். ஃப்ளாட்டுக்கு பேங்க் மொத்தக் கடனைத் தயாராக வைத்திருக்கிறது. வெறும் மனைக்குக் கடன் கேட்டால் முகம் மாறும். தவணைக் காலம் குறையும், குறிப்பிட்ட காலத்துக்குள் வீடு கட்டியாக வேண்டும் என்று நிபந்தனை வரும். கட்டுமானக் கடனும் மொத்தமாக வராது. கடைக்கால் முடிந்ததும் ஒரு பகுதி, தளம் போட்டதும் ஒரு பகுதி என்று வரும். முதலில் உங்கள் காசில் வேலையை முடித்துக் காட்ட வேண்டும், பிறகு இன்ஜினீயர் வந்து போட்டோ எடுப்பார், பிறகுதான் பணம். இந்தப் பத்துப் பன்னிரண்டு மாதமும் நீங்கள் வாடகை வீட்டில்தான் இருப்பீர்கள். வாடகையும் போகும், வட்டியும் போகும்.

சதுர அடிக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்டர் சொல்லும் ரேட்டை நம்பி 25 லட்சம் என்று எழுதிவைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அந்த ரேட்டில் காம்பவுண்டு சுவர் வராது. கேட், போர், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், ஈ.பி. இணைப்பு எதுவும் வராது. மனை ரோட்டை விடத் தாழ்வாக இருந்தால் மண் கொட்டி உயர்த்தும் செலவும் வராது. இவை எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி, அதற்கு மேலும் ஒரு தொகையை ஒதுக்கிவைத்துவிட்டு ஆரம்பிக்கிறவர்தான் கிரகப்பிரவேசத்துக்குக் கைமாற்று வாங்காமல் பால் காய்ச்சுவார்.

48 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 41,650 ரூபாய். கட்டி முடிக்கும்போது மொத்தம் ஒரு கோடி ஆகியிருக்கும். இந்தத் தவணை வீட்டுக்கு வரும் சம்பளத்தில் நாற்பது சதவீதத்தைத் தாண்டினால், ஃப்ளாட்டும் வேண்டாம், தனி வீடும் வேண்டாம். இரண்டு வருடம் பொறுங்கள் என்பது என் கட்சி. புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவும் கிடையாது. 'வரி மிச்சமாகும் சார்' என்று யாராவது சொன்னால் எந்த முறையில் என்று திருப்பிக் கேளுங்கள்.

தளம் போடும் நாள்

வீடு கட்டுவதன் உண்மையான விலை பணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. தளம் போடும் நாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலமே சென்ட்ரிங் பலகைகளுக்கு மேல் கம்பி கட்டி முடித்திருப்பார்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சிமென்ட் வில்லைகள் வைத்திருக்கிறார்களா என்று ஏணியில் ஏறிப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பி அடியில் போய் உட்கார்ந்து, பத்து வருடத்தில் துருவேறி, கூரை பெயர்ந்து விழும். மின்சாரக் குழாய்களும் ஃபேன் பெட்டிகளும் சரியான இடத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டிய பிறகு நகர்த்த முடியாது. காலையில் கலவை இயந்திரம் ஓட ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. கலவை இளகலாக இருந்தால் கொட்டுவது சுலபம் என்று தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒரு பக்கெட் அதிகமானாலும் பலம் போச்சு. பக்கத்தில் நின்று 'போதும்' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். மறுநாள் முதல் தளத்தின் மேல் சிமென்ட் கலவையால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி வைக்க வேண்டும். மே மாத வெயிலில் காலையில் கட்டிய தண்ணீர் மதியம் மூன்று மணிக்குக் காய்ந்திருக்கும்.

இந்த ஆள் யார்? கணவனும் மனைவியும் காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டால், ஓய்வுபெற்ற மாமனாரோ ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பாவோ இல்லாமல் இது நடக்காது. சொந்தக்காரர் ஒருவர் தினமும் நிற்கிற வீட்டுக்கும் சனி ஞாயிறு மட்டும் எட்டிப் பார்க்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் முதல் ஐப்பசி மழையில் தெரிந்துவிடும். ஆள் இல்லாதவர் மேற்பார்வைக்குச் சம்பளம் கொடுத்து ஒரு சிவில் இன்ஜினீயரை வைத்துக்கொள்ளட்டும். அதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

ஒன்று மட்டும் சுலபமாகியிருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமும் ஒரு மாடியுமாக 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று அடிப்படையில் இணையவழியில் உடனடியாகக் கட்டட அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. அனுமதிக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த காலம், இந்த அளவு வீட்டுக்காவது குறைந்திருக்கிறது.

ஃப்ளாட்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதனாலேயே நீங்கள் எதையும் பார்ப்பதும் இல்லை. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வீட்டுக்காகப் பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் யாரும் அடித்தளத்தில் என்ன நடந்தது என்று பார்த்திருக்க முடியாது. அதே 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா), வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. வாங்குபவர்களிடம் வசூலித்த பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். சுவருக்குள் இருக்கும் கார்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விற்க வேண்டும். லிஃப்டையும் படிக்கட்டையும் லாபியையும் சேர்த்து 1,000 என்று சொன்ன ஃப்ளாட்டில் நீங்கள் பாய் விரிக்கக்கூடிய இடம் 700-ஐ ஒட்டி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. மனை 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்குள் இருந்தாலோ அந்தத் திட்டத்தை ரெராவில் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. 500 சதுர மீட்டர் என்றால் இரண்டேகால் கிரவுண்டு. மண் பங்கு அதிகமாகக் கிடைக்கும் என்று நான் மேலே சொன்ன, இரண்டு கிரவுண்டில் எட்டு ஃப்ளாட் வகைக் கட்டடங்கள் அத்தனையும் இந்த விலக்குக்குள் வந்துவிடுகின்றன. எங்கே மண் அதிகமோ அங்கே பதிவின் காவல் குறைவு. அதனால்தான் சின்னக் கட்டடத்தில் வாங்குகிறவர்கள் படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. கட்டி முடித்து, இரண்டு மழைக்காலம் பார்த்த கட்டடத்தில் வாங்க வேண்டும். அனுமதி வரைபடத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடி வரை ஏறிப் பாருங்கள். வரைபடத்தில் எட்டு ஃப்ளாட் இருக்கும். மேலே ஒன்பதாவதாக 'பென்ட்ஹவுஸ்' ஒன்று முளைத்திருக்கும்.

தண்ணீரைக் கேட்காமல் சாவியை வாங்காதீர்கள்

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் பழைய மாமல்லபுரம் சாலையின் பெரிய அடுக்ககங்களில் பராமரிப்புக் கட்டணத்தைத் தின்றது லாரித் தண்ணீர்தான். நீச்சல் குளம் உள்ள அடுக்ககத்தில் குளிக்கத் தண்ணீருக்கு நேரம் குறித்துவிட்ட கூத்தும் நடந்தது.

ஃப்ளாட் பார்க்கப் போனால் மாடலாகச் சோடித்த வீட்டுக்குள் போவதற்கு முன், குடியிருக்கும் யாராவது ஒருவர் வீட்டுப் பாத்ரூம் குழாயைப் பாருங்கள். குழாய் வாயில் வெள்ளைப் படிவம் கட்டியிருந்தால் தண்ணீர் உப்பு. பக்கெட் செம்பழுப்பாக இருந்தால் இரும்பு. நோட்டீஸ் போர்டில் போன மாத வரவு செலவு ஒட்டியிருக்கும். அதில் டேங்கர் லாரிக்கு எவ்வளவு என்ற வரியைத் தேடுங்கள். மெட்ரோ வாட்டர் இணைப்பு 'வரப்போகிறது' என்றால் இல்லை என்று அர்த்தம். மெட்ரோ ரயில் கதையும் இதேதான்; சென்னையில் அதன் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், அதன் தடத்தை ஒட்டிய மனைக்காரர்கள் எல்லாரும் ரயில் ஏற்கெனவே ஓடுவது போன்ற விலையைத்தான் சொல்கிறார்கள். வரப்போகும் எதற்கும் இன்றைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தனி வீட்டில் சொந்தப் போர், சொந்தக் கிணறு. நல்ல நீர் கிடைத்த தெருவில் அது ராஜ வாழ்க்கை. ஆனால் தண்ணீர் அதிகமாகும்போது தனி வீடுதான் முதலில் மூழ்கும். 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளங்கள் முழுக்க நீருக்குள் போயின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் அதே தெருக்களில் படகு ஓடியது. ஃப்ளாட்டில் கார் போகும், மின்மோட்டார் போகும். உயிரும் பீரோவும் மேலே இருக்கும். தாழ்வான பகுதியில் வேறு வழியில்லாமல் வாங்கியாக வேண்டும் என்றால் ஃப்ளாட்டே மேல், அதுவும் இரண்டாவது மாடி. மனையை மார்ச் மாதத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரிடம் 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால் இடுப்பைத் தொட்டுக் காட்டுவார். அதைவிட நேர்மையான சான்றிதழ் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

எட்டுக் குடும்பமும் ஒரு படிக்கட்டும்

ஃப்ளாட் வாங்குகிறவர் எட்டுக் குடும்பத்தோடு சம்பந்தம் வைத்துக்கொள்கிறார். உங்கள் படுக்கையறைக் கூரையில் ஓதம் இறங்கினால், அதற்குக் காரணம் மேல் வீட்டுக் குளியலறை. மேல் வீட்டுக்காரர் துபாயில் இருப்பார்; குடியிருப்பவர் வாடகைக்காரர்; 'ஓனர்கிட்ட பேசுங்க' என்பார். சங்கத்துச் செயலாளர் எழுபது வயதுப் பெரியவர், மூன்று வருடமாக ராஜினாமா செய்யப் பார்க்கிறார், யாரும் ஏற்க மாட்டேன் என்கிறார்கள். வெளிச்சுவருக்கு வண்ணம் அடிக்கலாம் என்றால் கீழ்வீட்டுக்காரர் லிஃப்டே எனக்கு வேண்டாம், அதற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பிப்பார். பெரிய அடுக்ககங்களில் இதற்கெல்லாம் ஆபீஸ் இருக்கிறது. மாதக் கட்டணமும் அதற்கேற்றபடி இருக்கிறது.

பார்க்கிங் சண்டை தனி. திறந்தவெளி, தூண்களுக்கு நடுவே உள்ள ஸ்டில்ட் பார்க்கிங் இடங்களைத் தனிச் சொத்தாக பில்டர் விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. விற்பனை என்னவோ நடந்துகொண்டுதான் இருக்கிறது.

நல்லது கெட்டது என்று வரும்போதும் வித்தியாசம் தெரியும். வளைகாப்புக்கு மொட்டை மாடியில் பந்தல் போட்டுவிடலாம். வீட்டில் ஒரு சாவு நடந்தால் சின்ன லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது. படிக்கட்டுத் திருப்பங்களில் நாலு பேர் தடுமாறி இறக்க வேண்டும். கீழே காரை நகர்த்தச் சொல்லி ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டும். வயதான பெற்றோரைக் கூட வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் இதைப் பேசக் கூச்சப்படக் கூடாது. லிஃப்டின் அளவையும் படிக்கட்டின் அகலத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. புறநகர் தனி வீட்டில் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் பகலெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்டேஷனிலிருந்து இருட்டுத் தெருவில் மனைவி நடந்து வருவாள். ஃப்ளாட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எதிர் வீட்டு அக்கா ஓடி வருவார். முதல் பிள்ளை பிறந்த மூன்று வருடத்துக்கு இந்த அக்காவின் மதிப்பை எந்தச் சதுர அடிக் கணக்கிலும் அடக்க முடியாது.

'இன்டிபென்டென்ட் வில்லா' என்ற பெயரில் நடுவாந்திரமாக ஒன்று விற்கிறார்கள். ஒரு கிரவுண்டை மூன்றாக, நாலாக நறுக்கி, ஒட்டினாற்போலச் சுவர் வைத்து, அறுநூறு சதுர அடி மண்ணில் கீழும் மேலுமாகக் கட்டிய வீடுகள். மண் தனியாகப் பிரிந்து உங்கள் பெயரில் இருந்தால், தனிப் பட்டா கிடைத்தால், வாங்கலாம். நாலு வீட்டுக்கும் ஒரே போர், ஒரே கழிவுநீர்த் தொட்டி, எட்டடிச் சந்து என்றால் ஃப்ளாட்டின் தொல்லையும் தனி வீட்டின் செலவும் சேர்ந்து வரும்.

தீர்ப்பு

சென்னைக்குள் வேலை, இருவருக்கும் சம்பளம், கட்டுமானத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கையில் பதினைந்து இருபது லட்சம். இப்படி இருப்பவர்களுக்கு என் ஓட்டு ஃப்ளாட்டுக்கு. புதுக் கோபுரத்துக்கு இல்லை. பத்துப் பதினைந்து வருடம் ஆன, மெட்ரோ வாட்டர் உள்ள, எட்டுப் பத்து வீடுகள் கொண்ட கட்டடத்தில், ஃப்ளாட் பரப்பில் பாதிக்குக் குறையாத யூ.டி.எஸ். உள்ள மறுவிற்பனை ஃப்ளாட். ஓதம் இருந்தால் தெரிந்துவிடும்; சங்கம் எப்படி என்று விசாரித்துவிடலாம்; வாங்கிய மாதமே குடிபோகலாம். முதல் வீடு ஆயுளுக்கும் இருக்கப் போகும் வீடாக இருக்க வேண்டியதில்லை.

மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, கோவையின் வெளிப்புறம் என்றால் தீர்ப்பு மாறும். அங்கே நகரத்திலிருந்து அரை மணி நேரத்தில் மூன்று சென்ட் மனை வாங்க முடிகிற வரை ஃப்ளாட் வாங்குவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை. பெற்றோர் பெயரில் ஏற்கெனவே மனை இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். தானப் பத்திரமோ கடனில் கூட்டுக் கையெழுத்தோ வைத்து அதிலேயே கட்டுங்கள். தாம்பரத்துக்குத் தெற்கே மனை வாங்கி ஐந்து வருடம் கழித்துக் கட்டலாம் என்று நினைப்பவர்கள் அதை முதலீடு என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், வீடு என்று எழுத வேண்டாம்.

எதை வாங்கினாலும் காகிதம் ஒன்றுதான். 30 வருட வில்லங்கச் சான்று எடுங்கள். ஆனால் அது பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். பதிவாகாத உயிலை அது காட்டாது. கோர்ட்டில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கும் எல்லா நேரமும் அதில் ஏறியிருக்காது. தாய்ப்பத்திரம் முதல் இன்று வரை ஒரு கண்ணி விடாமல் வர வேண்டும். பட்டாவில் இருக்கும் பெயரும் விற்கிறவர் பெயரும் ஒன்றா? மனையானால் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி எண் என்ன? அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டதையும், பிறகு 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளுக்கு மட்டும் வரன்முறை வாய்ப்பு வந்ததையும் மறக்க வேண்டாம். 'அப்ரூவலுக்குப் போட்டிருக்கோம்' என்ற மனையின் பக்கம் போகவே வேண்டாம். சொத்து 50 லட்சத்தைத் தொட்டால், விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. புதிதாக வாங்குகிறவர்கள் பலர் இதை நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. 'பேங்க் அப்ரூவ்டு ப்ராஜெக்ட்' என்று பலகை வைத்திருப்பார்கள். பேங்க் பார்ப்பது தன் கடன் திரும்பி வருமா என்பதை மட்டும்தான். உங்கள் தரப்பில், நீங்கள் காசு கொடுத்து வைத்த வக்கீல் எல்லாப் பத்திரங்களையும் படித்து, சட்டக் கருத்துரையைக் கையெழுத்திட்டுத் தரட்டும். அது கைக்கு வரும்வரை, 'இன்னொரு பார்ட்டி வெயிட்டிங்' என்று புரோக்கர் எத்தனை முறை போன் செய்தாலும், டோக்கன் அட்வான்ஸ் என்று பத்தாயிரம் ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.